கிட்டு மாமாவின் முறை

பிலாவிலையும் மாவிலையும் ஒரு வருஷ காலம் தகரத்தில் கிடந்து, வெயிலில் காய்ந்து, வேனல் மழையில் ஊறி, காக்கை எச்சமும் ஓட்டுத்தூளும் சேர்ந்து குழைந்தால் வருகிற அந்தக் கறுப்புச் சேற்றுக்கு ஒரு வாசனை உண்டு. முதல் மூச்சுக்குப் பழைய காப்பிப்பொடி போலவும், இரண்டாவது மூச்சுக்கு ஈரச் சாக்கு போலவும் இருக்கும். மூன்றாவது மூச்சை யாரும் இழுத்துப் பார்த்ததில்லை என்பதால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நகத்துக்குள் போய்விட்டால் மூன்று நாளைக்குப் போகாது என்பார்கள். எனக்கு நாற்பது வருஷமாகப் போகவில்லை.

மலையாள தேசத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் வீடுகள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். எங்கள் அடுக்களைக் கூரையும் பக்கத்து வீட்டு அடுக்களைக் கூரையும் ஒன்றையொன்று பார்த்துச் சரிந்து வந்து பொதுச்சுவரின் தலையில் சந்திக்கும். சந்திக்கிற இடத்தில், இரண்டு கூரைத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு போக நீளமாக ஒரு தகரக் கால்வாய். அதற்கு எங்கள் தெருவில் "பாத்தி" என்று பெயர். தஞ்சாவூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் பாத்தியில் குப்பை சேர்ந்துவிட்டது என்று சொன்னால் தோட்டம் எங்கே என்று தேடுவார்கள். அதன் வாய் பக்கத்து வீட்டுக் கொல்லையில், துணி தோய்க்கிற கல்லுக்கு மேலே திறந்திருக்கும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் ததும்பி ஓட்டுக்கடியில் புகுந்து இரண்டு வீட்டுச் சுவர்களிலும் பாரபட்சமில்லாமல் இறங்கும். ஆகையால், "எடவப்பாதி" என்று நாங்கள் சொல்லுகிற பெருமழை பிடிப்பதற்கு முன்னால் பாத்தியைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு எடவ மாதம் (மற்றவர்களுக்கு வைகாசி) எங்கள் முறை, அடுத்த எடவம் அவர்கள் முறை. யார் ஏற்படுத்திய ஏற்பாடு என்று தெரியாது. யாரும் அதை எழுதி வைக்கவுமில்லை, மறக்கவுமில்லை.

எங்கள் முறை வந்தால் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நாலாவது படிவரை ஏறுவார். அதற்கு மேல் அவருக்குத் தலை சுற்றும். செக்ரட்டேரியட்டில் கோப்புகளை "மேல்நோட்டம்" என்கிற மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம் என்பதால், அங்கிருந்தபடியே கூலிக்காரனை மேல்நோட்டம் பார்த்துவிட்டு, தானே செய்தவர் போல இறங்கி வந்து வெந்நீரில் குளிப்பார். பக்கத்து வீட்டுக் கிட்டு மாமா அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த ஒல்லி மனிதர். ஓட்டின் மேல் பூனை போல நடப்பார், ஒரு ஓடு முனகாது. இடது கையில் சேற்றை வாங்கிக்கொள்ளக் கமுகம் பாளை, வலது கையில் "செரட்டை" என்கிற கொட்டாங்கச்சி. சேற்றை வழித்து வழித்து எடுத்து, கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைப் பாத்தியின் தலைப்பில் கவிழ்ப்பார். கீழே கொல்லையில் தோய்க்கிற கல்லருகில் சாரதா மாமி அண்ணாந்து நிற்பாள். தண்ணீர் வந்து விழுந்ததும், "வந்துடுத்து, கேட்டேளா!" என்று கத்துவாள். மாமா மேலேயிருந்து மூக்கில் ஒரு சிட்டிகைப் பொடி ஏற்றி, அந்தப் பொடி பாதி அடைத்த குரலில், "பின்னே! வராதோ?" என்பார். அதோடு அந்த வருஷத்துக்கு அவர்கள் முறை முடிந்தது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற இந்த நாடகத்துக்கு நான் நிரந்தர ரசிகன். ரசிகன் மட்டுமல்ல, பன்னிரண்டு வயதில் என்னிடம் இருந்த ஒரே திறமை பிறர் குரலைத் திருடுவதுதான். கணக்கில் நான் வாங்கிய மார்க்கை வைத்து ஒரு ஆளின் காலணி அளவைக்கூடச் சொல்ல முடியாது. ஆனால் தெருவில் இருந்த அத்தனை பேரின் குரலும் என் தொண்டையில் இருந்தது. கிட்டு மாமாவின் "பின்னே! வராதோ?" என் தலைசிறந்த உருப்படி. மாமாவே ஒருநாள் கேட்டுவிட்டு, "நான் ஊரில் இல்லேன்னா நீயே எனக்குப் பதில் பேசிக்கோடா" என்று சிரித்தார். மனிதர் எதையும் யோசித்துப் பேசமாட்டார்.

ஒரு மீன மாதத்தில், அதாவது பங்குனியில், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே கண்ணாடிமேல் சாய்ந்து இறந்துபோனார். வருகிற எடவம் அவர்கள் முறை.

இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது எங்கள் வீட்டில் இது ஒரு பெரிய பிரச்சினை. எங்கள் ஆளை மேலே ஏற்றினால், "உங்க ஆத்துல இனிமே செய்ய ஆள் இல்லை" என்று மாமியின் முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகிவிடும் என்றார் அப்பா. போய்க் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் அது அதைவிட மோசம். செய்யாமல் விட்டால் மழை யாருக்கும் தாட்சண்யம் பார்க்காது. அம்மா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். மத்தியானம் மாமி கண்ணயர்கிற நேரத்தில், சத்தமில்லாமல், யாருக்கும் தெரியாமல் சுத்தம் செய்துவிடுவது. தானாகவே சுத்தமாக இருந்தது என்று மாமி நினைத்துக்கொள்ளட்டும். அப்பா ஏறினால் நாலாவது படி. கூலிக்காரன் ஏறினால் பாட்டுப் பாடுவான். எடை குறைவாகவும் சம்பளம் இல்லாமலும் வீட்டில் இருந்த ஒரே பிராணி நான்.

"வாயத் தொறக்கப்படாது, கேட்டியா? மூச்சுக்கூட மெதுவா விடணும்," என்றாள் அம்மா. உலகத்தில் வேறு எந்தத் தாயும் இவ்வளவு தவறான ஆளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாள்.

வானம் கறுத்துக் காற்று நின்றுபோயிருந்த அந்த மத்தியானத்தில் நான் ஏறினேன். ஓடு வெந்துகொண்டிருந்தது. சேற்றுக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் கரண்டியும், காக்கை கொண்டுவந்து போட்ட சோப்புத் துண்டும், என் தங்கை தொலைத்துவிட்டாள் என்று நான் சத்தியம் செய்து அவளுக்கு அடி வாங்கித் தந்திருந்த என் இறகுப் பந்தும் கிடைத்தன. பந்தைத் திரும்பச் சேற்றிலேயே அமுக்கிப் பாளையில் போட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அம்மா சொல்லி அனுப்பியது வழித்து எடுக்கத்தான்; தண்ணீர் விடச் சொல்லவில்லை. ஆனால் மாமா செய்ததைப் பார்த்தவனுக்குக் கடைசியில் ஒரு வாளித் தண்ணீர் விடாமல் வேலை முடிந்ததாகவே தோன்றவில்லை. ஏணியடியில் இருந்த வாளியைக் கயிற்றில் இழுத்துத் தலைப்பில் கவிழ்த்தேன். தகரம் சலசலவென்று ஓடியது. கீழே கல்லில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

பிறகு ஒரு குரல், கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி:

"வந்துடுத்து... கேட்டேளா."

மாமி தூங்கியிருக்கவில்லை.

நான் அப்படியே படுத்திருந்திருக்கலாம். எந்த மூடனும் அப்படித்தான் செய்திருப்பான். ஆனால் நூறு தடவை இதே வசனத்துக்கு இதே பதிலைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன் நான். மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் தொண்டைக்குத் தெரிந்துவிட்டது. பொடி அடைத்த மூக்கோடு, அச்சு அசலாக, "பின்னே! வராதோ?" என்று என் வாயிலிருந்து அது வந்து விழுந்தது.

காற்று அசையவில்லை. அப்புறம் கீழேயிருந்து, "காப்பி கலக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நான் இறங்கவில்லை, ஓட்டின் மேல் வழுக்கி விழுந்தேன் என்பதுதான் பொருத்தம். முழங்கைத் தோல் இரண்டு இடத்தில் மேலேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சாரதா மாமி எங்கள் அடுக்களைக்கு வந்தாள். இரண்டு மாதமாகத் தலையைக் குனிந்தே இருந்தவள் நிமிர்ந்து நின்று, அம்மாவிடம் சொன்னாள்: "நேத்திக்கு அவர் வந்தார். அவர் முறையாக்கும் இந்த வருஷம், விடுவரோ? பாத்தி பளிச்சுனு இருக்கு. நான் கூப்பிட்டேன், பதில் சொன்னார்."

அம்மா வாயைத் திறந்தாள். பையனை நாங்கள்தான் ஏற்றினோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால், உங்கள் வீட்டில் செய்ய ஆளில்லை என்று தெரிந்துதான் ஏற்றினோம் என்பதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். பிறகு "பதில் சொன்னார்" என்பது மெல்ல உள்ளே இறங்கியது போலத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்கிற அளவுக்கு எனக்குத் தமிழ் வராது.

விஷயம் அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. மாமியின் ஒரே பிள்ளை ரமணி அண்ணா அந்த வியாழக்கிழமை மதராஸிலிருந்து வந்து அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு. மாமிக்குச் சர்க்கரை உண்டு, ஒரு காலில் வீக்கம் உண்டு. அவளும் சரியென்று சம்மதித்து, "மச்சு" என்று நாங்கள் சொல்லுகிற மேல்தட்டில் இருந்த பழைய சாமான்களை எல்லாம் இறக்கி, காயலான் கடைக்கு எடுத்துப் போகிற "ஆக்ரிக்காரன்" வருவதற்காக ரேழியில் குவித்து வைத்திருந்தாள். எங்கள் அடுக்களைக்கு வந்துவிட்டுப் போன அன்று மத்தியானம், வீங்கின காலோடு, ஒவ்வொன்றாக அத்தனையையும் திரும்ப மச்சில் ஏற்றிவிட்டாள். ரமணி அண்ணா வந்தபோது வீடு, யாரும் சாகாத வீடு மாதிரி இருந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்துச் சத்தம் எங்கள் தட்டிலேயே விழுந்தது.

"ஓட்டைக் குடை, வால் போன பிரஷ், காலில்லாத ஸ்டூல். இதெல்லாம் எதுக்கும்மா? ஆக்ரிக்காரனே வேண்டாம்பான்!"

"அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"யார் வந்து?"

"போடா. நோக்குச் சொன்னாப் புரியாது. நான் வரலை, கேட்டியா?"

"ஒண்டியா இங்கே விழுந்து கிடந்தா யாரும்மா பாப்பா?"

அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ அங்கே மேலே வாயத் தொறந்தியோ?" என்றார். நான் திறக்கவில்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன், அதிலேயே விளங்கிவிட்டது. அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நாளைக்குக் காலம்பற போய் உள்ளதைச் சொல்லிட்டு வா. மிமிக்ரி இல்லைடா இது. ஒரு மனுஷி நம்பிண்டு நிக்கறா," என்றார்.

மறுநாள் ரமணி அண்ணா டிக்கெட் எடுக்கத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போன சமயம் பார்த்து நான் கொல்லை வழியாகப் போனேன். மாமி தோய்க்கிற கல்லில் உட்கார்ந்து, அந்த ஓட்டைக் குடையின் கம்பியை நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒரே மூச்சில் சொன்னேன்: மேலே ஏறினது நான், தண்ணீர் விட்டது நான், பேசினதும் நான்தான் மாமி.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நீயா? பாத்தி சுத்தம் பண்ணினது நீயா? தின்ன தட்டை எடுக்க மாட்டாய், உங்கம்மா தினம் புலம்பறா. இதுவும் உன் வேஷமாடா?"

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மைக்கு என் சரித்திரமே எதிர்ச்சாட்சி சொன்னது. "சத்தியமா நான்தான் மாமி," என்றேன். இறகுப் பந்துக்குச் செய்த அதே சத்தியம். என் சத்தியத்தின் மதிப்புத் தெருவுக்கே தெரியும்.

"அப்படியா? எங்கே, பண்ணு பாப்போம்," என்றாள்.

குடையைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது; ஆனால் கல்லின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அந்தக் குரல் என் தொண்டையில் தயாராக நின்றது. ஒரு தடவை விட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மாமி ரமணி அண்ணாவோடு ரயில் ஏறிப் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருப்பாள். ஒரு தடவை விட்டால் போதும், மாமா இரண்டாவது தடவையாகச் செத்துப்போவார். அதுவும் அவள் கண்ணுக்கு முன்னால், ஒரு நோஞ்சான் பையனின் வாயில்.

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே, தொண்டை கட்டின ஆடு மாதிரி, "பின்னே, வராதோஓஓ" என்று கத்தினேன். இரக்கத்தால் அப்படிச் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பயத்தால் என்பது இன்னும் கிட்டத்தில் வரும்.

மாமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்லைப் பிடித்த விரல்கள் தளர்ந்தன. "போடா அசத்தே! அவர் என்ன, ஆடா?" என்று சொல்லி, உள்ளே போய்க் கை நிறைய நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தின்றேன். அதையும் ஒளிப்பதற்கில்லை.

"சொன்னியோ?" என்று கேட்டார் அப்பா. சொன்னேன் என்றேன். "என்ன சொன்னா?" நம்பவில்லை என்றேன். இரண்டும் உண்மை. உண்மை இவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ரமணி அண்ணா தனியாக ரயில் ஏறினார்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் மாமி அந்த வீட்டில் இருந்தாள். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், எடவம் வருவதற்கு முன்னாலேயே அப்பாவிடம் வந்து, "இந்த வருஷம் எங்க முறையாக்கும், நீங்கோ ஆளைக் கூப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆகவே தெருவிலேயே பெரிய சோம்பேறியான நான், மீசை முளைத்து, காலேஜ் போய், ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதம் அவள் அண்ணனிடம் போய்ச் சேர்ந்து அடியும் வாங்கின பிறகும், ஒன்றுவிட்ட வருஷங்களில் ஒரு மத்தியானம் செரட்டையும் பாளையுமாக ஓட்டின் மேல் ஊர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் வாயில் துண்டை வைத்துக் கட்டிக்கொண்டு. வழித்து முடித்துத் தண்ணீர் விட்டதும் கீழேயிருந்து வரும்: "வந்துடுத்து, கேட்டேளா."

நான் துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். அவள் காத்திருப்பாள். ஓட்டின் சூடு சட்டைக்குள் ஏறும். மாமரத்தில் ஒரு அணில் இரண்டு சத்தம் போட்டு நிறுத்தும். எனக்குள் அந்தக் குரல் எழும்பி எழும்பித் துண்டில் முட்டும். அந்த நேரங்களில், நான் மாமாவைப் போலப் பேசுகிறவனா, அல்லது மாமா என்னை அடைத்து வைத்திருக்கிறாரா என்று எனக்கே சந்தேகம் வரும். கடைசியில் மாமி, யாருக்கோ சமாதானம் சொல்வது போல, "பாவம், களைச்சிருப்பர்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவாள். நாலு தடவை இது நடந்தது. ஒரு தடவைகூட அவள் ஏணி வைத்து மேலே பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றாமலா, பார்க்க வேண்டாமென்றா என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுச் சொல்ல ஆளில்லை.

ஒன்பதாவது வருஷம், ஆடியோடு வருகிற கர்க்கடக மாதத்து அடைமழையில், அடுக்களைக்குள் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். முந்தின நாள் சாயங்காலம் விழுந்தவளை மறுநாள் பால்காரி வந்துதான் பார்த்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தாளித்தால் தும்முகிற சுவர்.

இப்போது அந்தச் சுவர் இல்லை. இரண்டு வீடுகளும் கைமாறி, இடிந்து, சேர்ந்து, மூன்று மாடியாக நிற்கின்றன. மேலே தட்டையான மொட்டைமாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர் டாங்க். எந்தக் கூரையும் எந்தக் கூரையையும் பார்த்துச் சரியவில்லை. மழைத்தண்ணீர் குழாய்க்குள் புகுந்து யார் கண்ணிலும் படாமல் எங்கோ போகிறது. யாருக்கும் எந்த வருஷமும் முறை கிடையாது. நான் கரமனைப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். மழைக்கு முன்னால் மொட்டைமாடியைக் கூட்ட அசோசியேஷன் யாரையோ அனுப்புகிறது. யாரென்று பார்த்ததில்லை.

போன மாதம் ரமணி அண்ணா வந்திருந்தார். எழுபது வயது, கையில் தடி. அந்த மாடிக் கட்டடத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் இருவரும் நின்றோம். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "அம்மா ஏன் அன்னிக்கு வரமாட்டேன்னு அப்படி நின்னா? உனக்கு ஏதாவது தெரியுமோடா? இத்தனை வருஷம் என் ஆம்படையாளைப் பிடிக்காமத்தான் வரலைன்னு நெனச்சுண்டு இருந்தேன். பாவம், அவளும் தன்னாலேதான் மாமியார் வரலைன்னு நெனச்சுண்டே போய்ச் சேர்ந்தா," என்றார்.

இந்த மாதிரி சமயங்களுக்கென்று நான் எப்போதும் ஒரு தமாஷ் கைவசம் வைத்திருப்பேன். அன்றைக்கும் இருந்தது. ஆனால் ஒரு பெண் வேறொருத்தன் செய்த குற்றத்தைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்று கேட்ட பிறகு, அது நாக்கில் ஏறவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு டீ ஆறுகிற நேரம்தான் ஆயிற்று.

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அப்பா குரல் எனக்கே மறந்துபோச்சுடா. டேப்பு, கீப்பு ஒண்ணும் கிடையாது. ஒரு தடவை பண்ணேன், கேக்கறேன்," என்றார்.

நான் மூக்கைச் சுளித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பழைய இடத்தில் தேடினேன். இந்தத் தடவை உண்மையாகவே நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் செய்தேன். வந்தது, ஜலதோஷம் பிடித்த ஒரு கிழவனின் குரல், என்னுடையது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "எந்தா சேட்டா, சுகமில்லையோ?" என்றார்.

ரமணி அண்ணா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். திறந்து, என் தோளில் கை வைத்தார்.

"அதேதான்டா," என்றார். "அச்சு அசல் அப்பா."

நான் தலையாட்டினேன். அது அவர் அப்பாவின் குரல் இல்லை என்று எனக்கும் தெரியும், குரலை மறந்திருந்தாலும் அவருக்கும் தெரிந்திருக்கும். இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இனி நாங்கள் இரண்டே பேர்தான்.